ஒரு பிராணிக்கு ஒரு சீட்டு

அருங்காட்சியகத்தின் மூன்றாவது அறையில் எண்பத்தெட்டு வருஷமாகச் செத்து நின்ற பை ஓநாய், ஒரு புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்குத் தன் தலையை இடதுபக்கம் திருப்பியது. அன்றைய பதிவேட்டில் இது "மூன்றாம் அறை, பொருள் இடமாற்றம், ஒன்று" என்று ஏறியிருக்கிறது. அதற்கு மேல் வரியில் ஒரு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்ட செய்தி. கீழ் வரியில் இரண்டு துடைப்பம் வாங்கிய செய்தி. நேரில் பார்த்தவர்கள் மூன்று பேர். பெருக்குகிறவர், தலை திரும்பியபோது உதிர்ந்த தூசியைக் கூட்டி அள்ளினார். டிக்கெட் கிழிப்பவர், கூண்டுக்குள் இல்லாத எதற்கும் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். மூன்றாவதாக நின்ற சீட்டக்கா மட்டும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஏனென்றால் கத்தரிக்கோல் அவள் கையில் இருந்தது.

சீட்டக்கா என்பது அவளுடைய வேலையால் வந்த பெயர். கட்டைவிரல் அகல அட்டையில், அழியாத கறுப்பு மையில், பிராணியின் பெயர், குடும்பம், வரிசை, கிடைத்த இடம், ஆணா பெண்ணா என்று எழுதி, நூல் கோத்து, பின்னங்காலில் கட்டுவது அந்த வேலை. அது அவளுக்குக் கையெழுத்து அழகுக்காகக் கிடைத்ததல்ல. அவள் கணவர் அங்கே பாடக்காரராக இருந்தவர். செத்த பிராணிகளின் தோலை உரித்து, மருந்து தடவி, கம்பியும் வைக்கோலும் திணித்துப் பாடம் செய்து, இப்போதுதான் நடந்து வந்து நின்றதுபோல் நிறுத்துவார். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பைப்பூனைக்குக் கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்டிருந்தார். வலது கண்ணை வைத்தாயிற்று. இடது கண்ணைக் கையில் எடுத்தவர் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பணியில் இருக்கும்போது இறந்தவரின் மனைவிக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. அந்த விதியில்தான் அவள் அடுப்பு எரிந்தது. பிள்ளை இல்லை, பிறந்த வீட்டிலிருந்து தபால்கூட வருவதில்லை, தையற்கடைக்கு மேலே ஒற்றை அறை. வேலை போனால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

மூன்றாவது அறை, ஊனுண்ணும் பைப்பாலூட்டிகளின் அறை. வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் பிராணிகளில் புல் பூண்டைத் திரும்பிப் பார்க்காமல் பூச்சி, எலி, பறவை, இறைச்சி என்றே வாழ்கிற ரகம் மொத்தம் நூற்று நாற்பத்திரண்டு உருப்படி. சுண்டுவிரல் நீளத்துப் பைச்சுண்டெலியிலிருந்து பை ஓநாய் வரை இழுப்பறைகளிலும் கண்ணாடிக்குள்ளும் இருந்தன. இவற்றை வகைப்படுத்துவதற்காக இருநூறு வருஷமாகப் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதற்கெல்லாம் சாட்சி, பின்னங்கால் நூல்தான். வகைப்பாடு மாறினால் பழைய சீட்டை அவிழ்க்கக் கூடாது, புதியதை அதன்மேல் கட்ட வேண்டும் என்பது அந்த இடத்து வழக்கம். பை ஓநாயின் காலில் ஆறு சீட்டுகள் தொங்கின. முகத்தைப் பார்த்த ஒருவர் நாய்க் குடும்பம் என்று எழுதியிருந்தார். வயிற்றைத் தடவிய அடுத்தவர், பை இருப்பது தெரியவில்லையா, கண் அவிந்துபோயிற்றா என்கிற தொனியில் அதை வேறு கண்டத்துப் பைப்பிராணிகளோடு சேர்த்தார். பல்லை எண்ணியவர் இருவரையும் மட்டந்தட்டி, கல்லாகிப்போன ஒரு குடும்பத்துக்கு அதைத் தத்துக் கொடுத்தார். கால்விரலைப் பிரித்துப் பார்த்தவர், விரல்கள் ஒட்டாமல் தனித்தனியாக இருப்பதால் இது பைப்பூனைக்குப் பங்காளி என்றார். கடைசியாக, காய்ந்த தோலைச் சுரண்டி உயிரணு வரை போனவர்கள், பங்காளிதான், ஆனால் தனிக்குடித்தனம் என்று தீர்ப்பு எழுதினார்கள். தீர்ப்பு வந்தபோது குடித்தனம் பண்ண உலகத்தில் ஒரு பை ஓநாய்கூட மிச்சமில்லை. இந்த ஐந்து சீட்டுக்கும் அடியில், பழுப்பேறி, மூலை மடங்கி, அதைச் சுட்டவன் எழுதிய முதல் சீட்டு இருந்தது. அதில் குடும்பமும் இல்லை, வரிசையும் இல்லை. பெண். செத்த தேதி. அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமைக்குக் கொஞ்ச நாள் முன்புதான் புது இயக்குநர் வந்து சேர்ந்தார். அவர் பட்டங்களை எழுத வாசல் பலகை போதாமல் பக்கத்துச் சுவரில் கொஞ்சம் வெள்ளையடித்துத் தொடர வேண்டியிருந்தது. எதையும் பார்க்குமுன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், துடைத்தபின் பார்க்கமாட்டார். எழுபது நாளில் தர மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. மூன்றாவது அறையை ஒரு சுற்று சுற்றியவர் பை ஓநாயின் காலைக் காட்டி, "இதென்ன, சாவிக்கொத்தா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அன்று மாலையே ஆணை வந்தது: ஒரு பிராணிக்கு ஒரு சீட்டு. கடைசிச் சீட்டு மட்டும் இருக்கட்டும், மற்றதை வெட்டி எரிக்கவும்.

சீட்டக்கா வாசலிலேயே காத்திருந்து கேட்டுப் பார்த்தாள். "சார், அடிச்சீட்ட மட்டும் விட்டுறலாமா? அதுலதான் செத்த தேதி இருக்கு. பழைய பதிவேட்ட கறையான் தின்னுருச்சு, வேற எங்கயும் இல்ல."

"ஏம்மா, பார்த்தாலே தெரியலையா அது செத்ததுன்னு? அதுக்கு ஒரு அத்தாட்சி வேணுமா?"

இதற்கும் கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மறுவாரமே அந்த ஆணை கோப்பறைக்கும் நீண்டது. பணியை விட்டுப் போனவர்களின் கோப்புகள் வீங்கிக் கிடக்கின்றன, ஒரு ஆளுக்குக் கடைசித் தாள் ஒன்று போதும் என்று. கோப்புக்காரர் என்கிற எழுத்தர், எதையும் யோசிக்காமல் செய்வதையே நேர்மை என்று நம்பியவர், இரண்டு நாளில் ஒரு அலமாரியைக் காலி செய்தார். சீட்டக்காவுக்கு மூன்று நாள் பிடித்தது. வெட்டிய சீட்டுகளைக் கொல்லைப்புறத்தில், எலும்பு வேகவைக்கும் பெரிய அண்டாவில் போட்டு எரித்தார்கள். புகையில் நாப்தலீன் உருண்டை வாசனை அடித்தது.

கடைசி நூலை வெட்டி முடித்த புதன்கிழமைதான் ஓநாய் தலையைத் திருப்பியது. வெள்ளிக்கிழமை, புள்ளிப் பைப்பூனைகள் கண்ணாடியின் உட்புறத்தை நக்கியதற்கு அடையாளம் இருந்தது. ஈரமில்லாத, மருந்துத் தூள் படிந்த கோடுகள். பைச்சுண்டெலி இழுப்பறையைத் திறந்தபோது, வரிசையாகப் படுத்திருக்க வேண்டிய இருபத்தாறும் வரிசையில் இல்லை. அந்த இனத்து ஆண்களுக்கு வாழ்க்கை பதினொரு மாதம். ஒரே ஒரு இணைசேரும் பருவம், அது முடிந்த கையோடு மொத்த ஆண்களும் சாகும், பெண்களுக்குத் தீனி மிச்சம். இழுப்பறையிலும் அப்படியே நடந்தது. மூன்று வாரம் உள்ளே கீறலும் ஓட்டமுமாக இருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை பதினான்கு ஆண்களும் இரண்டாம் முறையாகச் செத்தன. இந்த முறை நாற்றமடித்தது. பெண்களின் பைக்குள் அரிசிமணி அளவில் ஏதோ நெளிந்தது. சீட்டக்கா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள், வைக்கோல் துரும்புகள், ஒவ்வொன்றுக்கும் வாய் இருந்தது.

அவளுக்குக் காரணம் புரிய நேரமாகவில்லை. செத்தது என்பதற்கு இருந்த ஒரே எழுத்தை அவள் வெட்டிவிட்டாள். எழுத்தில் இல்லாதது அந்தக் கட்டடத்தில் நடந்ததாகக் கணக்கில்லை. இது புரிந்து அவள் பதறிக்கொண்டிருந்த வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு, வீட்டு அறைக்கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு அவள் கணவர் உள்ளே வந்தார்.

கடைசியாக உடுத்திவிட்ட அதே வெள்ளைச் சட்டை, இடது கை மூடியிருந்தது. செருப்பு எங்கே என்று கேட்டார். பிறகு, "எலும்பு ரம்பம் ஒண்ணு இங்கதான வெச்சேன்? திருப்பிக் குடுக்கலன்னு கடுதாசி போட்டுருக்கானுங்க" என்றார். அவர் கோப்பில் மிச்சமிருந்த கடைசித் தாள் அதுதான். அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து, கடன் வாங்கிய ரம்பத்தை ஏன் ஒப்படைக்கவில்லை என்று விளக்கம் கேட்டு அனுப்பியிருந்தார்கள். அதற்கு முந்தைய தாள்கள், சாவுச் செய்தி உட்பட, அலமாரியோடு போயிருந்தன. ஆகவே அலுவலகத்தைப் பொறுத்தவரை அவர் ரம்பத்தோடு எங்கோ போய்விட்ட ஊழியர், அவ்வளவுதான். சீட்டக்கா முக்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு பரணில் ஏறி ரம்பத்தை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது விரல் பட்டது, கல்தரைபோல் குளிர்ந்திருந்தது. அவர் இடது கையைத் திறந்தார், உள்ளே பைப்பூனையின் கண்.

"அந்தப் பூனைய அப்படியே ஒத்தக் கண்ணோட நிறுத்திட்டீங்களா?"

"யாரு வெப்பா? உங்களுக்கப்புறம் ஆளே போடல."

"அதான பாத்தேன்" என்று திருப்தியோடு உட்கார்ந்தார்.

ஆறு வருஷம் தனியாகப் பேசிப் பழகியவளுக்குப் பதில் வருவது முதலில் தொந்தரவாக இருந்தது, பிறகு இல்லாமல் முடியவில்லை. அவர் சாப்பிட்டார். தட்டு காலியாகும், பசி மட்டும் அப்படியே இருக்கும். "வைக்கோல்ல கொட்டுற மாதிரி இருக்கு" என்பார். தூங்குவதில்லை, ஜன்னலோரம் நாற்காலி போட்டு, கண் இமைக்காமல் தெருவைப் பார்ப்பார். தையற்கடைக்காரர் ஏணிப்படியில் அவரைப் பார்த்து, "ரொம்ப நாளா ஆளக் காணோமே" என்றார், இவரும் "கொஞ்சம் உடம்பு சரியில்ல" என்றார். விஷயம் முடிந்தது.

அருங்காட்சியகத்தில் இயக்குநர் மிதப்பில் இருந்தார். அழிந்த விலங்கை மீட்டது தம்முடைய ஒற்றைச்சீட்டு முறை என்று பதினெட்டுப் பக்க அறிக்கை எழுதினார். மீண்டு வந்தவற்றைப் புதிய ஒரு வரிசையாக வகுத்து அதற்குத் தம் பெயரை வைக்க வேண்டும் என்று அவரே ஒரு குழு போட்டு, அந்தக் குழுவுக்குத் தாமே தலைமை ஏற்றார். குழு நான்காகப் பிரிந்தது. நடமாடுவதால் உயிரினம் என்றார் ஒருவர். உள்ளே கம்பி இருப்பதால் தளவாடம் என்றார் இன்னொருவர். இனம் அழிந்துவிட்டதாக ஏற்கெனவே அறிவித்தாயிற்று, பிராணியின் விருப்பத்துக்காக அதைத் திரும்பப் பெற முடியாது என்றார் மூன்றாமவர். நான்காமவர் எல்லோருடனும் ஒத்துப்போனார். விலங்குக் காட்சிசாலைக்கு எழுதிக் கேட்டதில், இல்லாத விலங்குக்குக் கூண்டு ஒதுக்க வழியில்லை என்று பதில் வந்தது. இதற்குள் பறவைகள் அறையில் ஐந்து கொக்கும் ஒரு கழுகும் இறகுகளாகக் கிடந்தன. கண்ணாடிப் பேழைகளின் பூட்டுகள் உள்ளிருந்து திறக்கப்பட்டிருந்தன. தின்று தின்று நிறையாத வயிறுகள் தாழ்வாரத்தில் உலவின. அவை நடக்கும்போது உள்ளே வைக்கோல் உரசும் சத்தம் கேட்டது. பை ஓநாய் பகல் முழுவதும் சீட்டக்காவின் மேசைக்கடியில் படுத்து, மேலே எழுதும் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கால்களை நாற்காலிமேல் மடக்கிவைத்துக்கொண்டு எழுதினாள்.

மதிப்பீட்டுக் குழு வருவதற்குப் பத்து நாள் இருக்கையில் ஒத்திகை நடந்தது. இயக்குநர் பட்டமளிப்பு அங்கியை அணிந்து, ஓநாயின் தலையில் கை வைத்துப் புகைப்படத்துக்கு நின்றார். ஓநாய் வாயைத் திறந்தது. அந்தப் பிராணியின் வாய் நாயைவிட அகலமாக, காதுவரை பிளக்கும் என்று நாலாவது சீட்டில் எழுதியிருந்தது. அதை வெட்டி எரித்தாயிற்று. அங்கியின் பின்பக்கம் முழுதும், அதற்குள் இருந்ததில் கொஞ்சமும் போயிற்று. இரண்டு நாள் குப்புறப் படுத்தபடி கையெழுத்துப் போட்ட இயக்குநர், நூற்று நாற்பத்திரண்டுக்கும் உடனே செத்த தேதி எழுதிக் கட்டுமாறு ஆணையிட்டார். முதல் ஆணை சரி, அதை நிறைவேற்றியவர்களின் மெத்தனம்தான் தவறு என்றும் அதிலேயே குறிப்பிட்டிருந்தார்.

அதே நாளில் கோப்புக்காரர் ஒரு தாளோடு சீட்டக்காவிடம் வந்தார். குழு வருகிறதே என்று எல்லோருடைய நியமனத்தையும் சரிபார்த்தவர், இங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் செத்ததாலதான உங்களுக்கு இந்த வேலை? அவர் செத்ததுக்குக் கோப்புல ஆதாரமே இல்லையே."

"நீங்கதான எடுத்தீங்க?"

"நான் எடுத்தது ஆணைப்படி. இல்லாதது இல்லாததுதான். ஏழு நாளைக்குள்ள அவர் காலமான தேதிய எழுதிக் குடுத்துருங்க. இல்லன்னா எடம் காலின்னு போட்டுருவேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்ல அவரக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க. நேத்து மார்க்கெட்ல பார்த்தாங்களாம்" என்றார்.

சீட்டக்கா ஓநாயிலிருந்தே தொடங்கினாள். வருஷா வருஷம் சரக்குச் சரிபார்ப்பில் வாய்விட்டுப் படித்து, நூற்று நாற்பத்திரண்டு தேதியும் அவளுக்கு மனப்பாடம். மேசைக்கடியில் குனிந்து, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினாள். நாள் எழுதினாள், மாதம் எழுதினாள். வருஷத்தின் கடைசி எண்ணுக்கு வந்தபோது ஓநாய் மெதுவாகக் கொட்டாவி விட்டது. மை காய்ந்தது. வாய் மூடவில்லை. இன்றும் அது மூன்றாவது அறையில் வாயைப் பிளந்தபடிதான் நிற்கிறது. நாக்கில் தூசி படியும். பெருக்குகிறவர் வாரம் ஒருமுறை துடைக்கிறார். மற்றவை அகப்பட்ட இடத்தில் அகப்பட்ட கோலத்தில் நின்றன, தாழ்வாரத்தில் ஒன்று, படிக்கட்டில் இரண்டு. பைச்சுண்டெலிப் பெண்களுக்கு எழுதும்போது அவள் பைகளுக்குள் பார்க்கவில்லை.

ஏழாவது நாள் காலை அட்டையும் மையும் வீட்டுக்கு வந்தன. அவர் முகத்தைப் பார்த்து, மனசார, அந்தத் தேதியை அவளால் எழுத முடியவில்லை. எழுதாவிட்டால் மாதக் கடைசியில் இந்த அறையும் இல்லை. அவர் ஜன்னலோர நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எழுதிரு. நான் என்ன, அந்தச் சுண்டெலிப் பயலுகள விட ஒசத்தியா? ஒனக்குத் தீனி மிஞ்சும்."

"வாய மூடுங்க."

"மூடுறதுக்குத்தான சொல்றேன்."

பேனாவைத் தோய்ப்பதும் மை சொட்டி அட்டை பாழாவதுமாக மூன்று அட்டை போயிற்று. நாலாவதை அவர் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"அந்தக் கோப்புக்காரன் என்ன கேட்டான்? சரியாச் சொல்லு."

"காலமான தேதி."

"எந்தத் தேதின்னு கேட்டானா?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு சுவர் நாட்காட்டியைப் பார்த்தாள். ஓநாய்க்கு எழுதுமுன் இது தோன்றாமல் போயிற்றே என்று நினைத்தாள். எந்த வருஷம் என்று கேட்டாள். அவள் சாகப்போகும் நாளைக் கணக்குப் பண்ணி, அதற்கு ஒரு நாள் தள்ளிப் போடச் சொன்னார் அவர். "ஒன்னப் பாடம் செஞ்சு நிறுத்த எனக்கு ஒரு நாளாவது வேணும். வேற எவன் கைக்கும் குடுக்கமாட்டேன்." அவள் நெடுநேரம் விரல்விட்டு எண்ணினாள். தன் அம்மா இருந்த வயது, தன் மூட்டுவலி, மாடிப்படி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, இருபத்துமூன்று வருஷம் தள்ளி ஒரு வியாழக்கிழமையை எழுதினாள். எழுதி முடித்ததும் அதற்கு முந்தின புதன்கிழமை எதற்கென்று இருவருக்கும் தெரிந்துபோயிற்று.

கோப்புக்காரர் கட்டத்தில் மை இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது, முத்திரை குத்தினார். இயக்குநர் அன்று முந்நூறு தாளில் கையெழுத்திட்டார், இதுவும் அதில் ஒன்று. மதிப்பீட்டுக் குழு மூன்றாவது அறைக்கு முதல் தரம் கொடுத்தது. பிராணிகள் இயல்பாக நிற்பதாகத் தனியாகப் பாராட்டியது. இயக்குநர் பதவி உயர்ந்து இன்னும் பெரிய அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கே அவர் உட்காருவதற்கு நடுவில் ஓட்டையிட்ட நாற்காலி ஒன்று செய்யப்பட்டதாகக் கேள்வி.

சீட்டக்காவின் வேலை நிரந்தரமாயிற்று. பாடக்காரர் வெளியே அதிகம் போவதில்லை. பசிக்குப் பழகிக்கொண்டுவிட்டார், இல்லாவிட்டால் அப்படிச் சொல்கிறார். அவள் தூங்கும்போது அவளையே பார்த்துக்கொண்டிருப்பார், அவளும் அவருக்கு முதுகு காட்டித் தூங்கப் பழகிவிட்டாள். வருஷத்துக்கு ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் அளவு நாடாவை எடுப்பார். நெற்றியிலிருந்து குதிகால் வரை, தோளுக்குத் தோள், மணிக்கட்டுச் சுற்று, பிறகு இடுப்பு, ஒவ்வொன்றையும் சிறிய நோட்டில் குறித்துக்கொள்வார். இந்த வருஷம் இடுப்புக்கு வந்தபோது அவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள்.

"இழுக்காத" என்றார் அவர். "உள்ளபடி நில்லு."